நீல டேப்புக்குள் ஆறு நாள்

மார்ச் 3, செவ்வாய்

கப்பல் வருகிற திங்கட்கிழமைதான் கிளம்புகிறது. நாங்கள் இன்றைக்கே வந்து சேர்ந்தாயிற்று. ஏன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால், "வண்டி லேட்டாயிட்டா?" என்கிறார். ஆறு நாள் லேட்டாக வருகிற வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பாலங்களைச் சோதிக்கிற இன்ஜினியராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த மனுஷர். நன்றாக நிற்கிற பாலத்தையே எப்போது விழும் என்று பார்த்துப் பழகிய கண்.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு விடுதி. மூன்றாவது மாடியில் அறை. ஜன்னலைத் திறந்தால் கிரேன்கள், அடுக்கி வைத்த இரும்புப் பெட்டிகள், அதற்கு நடுவே துணி அலசிய தண்ணீர் நிறத்தில் கொஞ்சம் கடல். கப்பலைக் காணோம். அதற்காவது அவசரமில்லை.

விடுதிக்காரம்மா சாவியைக் கொடுத்து, "ஆறு நாளும் நல்லா ஓய்வெடுங்க" என்றாள். இவர் அறைக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் அதன் கால்களை ஆட்டிப் பார்த்தார். நாலில் ஒன்று சரியில்லையாம். அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். ஓய்வு ஆரம்பித்துவிட்டது.

எழுதிவிட்டால் போய்விடுமோ என்று இதையும் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கடலைப் பார்த்து இல்லை. தொண்ணூற்றுநான்கு நாள் கப்பல் பயணம், ஒரே அறை, இவரும் நானும். கல்யாணமான நாளிலிருந்து திங்கட்கிழமை விடியற்காலை பெட்டியோடு கிளம்பி, சனிக்கிழமை சாயங்காலம் திரும்புகிறவர். ஞாயிறு முழுக்கக் குழாய் ரிப்பேரும் தூக்கமும். பெரியவள் பிறந்தபோது எடுத்த லீவே மூன்று நாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது ஏழு வருஷம்கூடத் தேறாது. போன மாதம் ஓய்வு பெற்றார், உடனே பாஸ்போர்ட், தடுப்பூசி என்று வெளியே சுற்றப் போய்விட்டார். இவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

மார்ச் 4, புதன்

காலையில் கடைக்குப் போய் நீல டேப் ஒரு சுருள் வாங்கி வந்தார். கப்பல் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் எங்கள் கேபினின் வரைபடம் இருக்கிறது. மேஜை நாற்காலியை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அதே அளவில் தரையில் டேப் ஒட்டினார். நாலு மீட்டர் நீளம், இரண்டே முக்கால் அகலம். இது கதவு, இது குளியலறை, இது அலமாரி.

"என்னங்க இது?"

"ஒத்திகை. அங்க போய் திண்டாடக் கூடாதுல்ல."

வரைபடத்தில் கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்னச் சதுரம் இருந்தது. அது என்ன என்று இவருக்குப் புரியவில்லை. நானும் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்து, "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா" என்று ஊரையே கேட்டவள் நான். பூதக்கண்ணாடி வைத்தும் எனக்குச் சதுரம்தான் தெரிந்தது. என்னவென்று தெரியாவிட்டாலும் விட்டுவிட முடியுமா? சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு அதையும் டேப்பால் ஒட்டினார்.

சட்டம் ஒன்றுதான். வெளியே போக வேண்டுமென்றால் கதவு வழியாகப் போக வேண்டும். நான் மறந்துபோய் மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கோட்டைத் தாண்டி ஜன்னல் பக்கம் போனேன்.

"நீ இப்ப தண்ணியில இருக்கே" என்றார். சிரிக்கவேயில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்கு மட்டும் நான்கு தடவை கடலில் விழுந்தேன். அவர் ஒரு தடவைகூட விழவில்லை.

மார்ச் 6, வெள்ளி

என் பெட்டியைத் திறந்து, கனமானது அடியில், லேசானது மேலே என்று எல்லாவற்றையும் மாற்றி அடுக்கி வைத்திருந்தார். என் பெட்டியை. உள்பாவாடை எந்த மூலையில் இருக்கிறது என்று நான் இவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டால் பதில் வராது, "ம்" என்று வரும். மூன்று நாளாக அதுதான் வருகிறது. அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கிற சலவைக் கடைக்குப் போய்விட்டேன்.

மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சரியாக ஆறரைக்குப் போன் அடித்தது. இவர்தான். முப்பத்தொரு வருஷமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, எந்த ஆற்றங்கரையில் இருந்தாலும் ஆறரைக்குக் கூப்பிடுவார். வேலை போனாலும் கை பழக்கம் போகவில்லை.

"என்னம்மா, சாப்பிட்டியா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். "இங்க ஒரு ஆளோட தங்கியிருக்கேங்க. உயிரை எடுக்கறாரு. என் பெட்டியைத் திறந்து எல்லாத்தையும் மாத்தி அடுக்கிட்டாரு."

"அப்படியா? கேக்காமயா?"

"கேக்காமதான்."

"தப்புதான். அவன்கிட்ட சொல்லிப் பாத்தியா?"

"சொன்னா 'ம்'ங்கறாரு."

"கல்லுளிமங்கனா இருப்பான் போல" என்றார். நான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அரைமணி நேரம் பேசினோம். சலவைக் கடை நாற்றத்திலிருந்து பெரியவளின் மாமியார் வரைக்கும். இவர் எவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று மறந்தே போயிருந்தேன்.

துணியோடு ஓடினேன் என்றே சொல்லலாம். அறையில், டேப்புக்குள், நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"ம்."

விடுதிக்காரம்மா போர்வை மாற்ற வந்தவள், தரையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ரூமை பாகம் பிரிச்சுட்டீங்களாம்மா?" என்றாள். இல்லை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. "ரெண்டாவது மாடியில ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. வேணும்னா நீங்க அங்க வந்துடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 7, சனி

முடிவு செய்துவிட்டேன். நான் போகப்போவதில்லை. இவர் போய் வரட்டும், நான் தங்கை வீட்டில் இருந்துகொள்கிறேன். கப்பலிலிருந்து இவர் ஆறரைக்குக் கூப்பிட்டால் போதும்.

சொல்லத்தான் முடியவில்லை. காலையில் கடற்கரைச் சுவரோரம் நடந்தோம். காற்று, வெயில், பலூன் விற்கிறவன், எல்லோரும் ஐஸ்கிரீமோடு போகிறார்கள். இவர் படகுத்துறையின் அடிப்பக்கம் குனிந்து துரு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகிடம் எப்படிச் சொல்வது? டீக்கடையில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இவரே, "கடல் நடுவுல போன்ல சிக்னலே வராதாம். விசாரிச்சுட்டேன்" என்றார்.

டீயைக் கீழே வைத்தேன். அப்படியானால் நான் போனாலும் ஆறரை இல்லை, போகாவிட்டாலும் ஆறரை இல்லை.

சாயங்காலம் இவர் குளிக்கப் போனபோது மணி ஆறரை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. சனிக்கிழமை எப்படி அடிக்கும்? சனிக்கிழமைதான் அவர் வீட்டுக்கு வந்துவிடுவாரே.

மார்ச் 8, ஞாயிறு

கப்பல் வந்துவிட்டது. வெள்ளையாக, ஜன்னல் முழுக்க. கிரேனும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாகிவிட்டது.

ஆறரைக்கு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கி, இரண்டாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து நானே போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதே கிடையாது. எடுத்தவர் குரலில் பதற்றம்.

"என்னம்மா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"நான் கப்பலுக்கு வரலைங்க."

உடனே கேட்டார்: "அந்த ஆளு என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணலை. பேசவே மாட்டேங்கறாரு. உங்ககிட்ட எது வேணா சொல்ல முடியுது, அவர் மூஞ்சியைப் பாத்தா எனக்கும் வார்த்தை வரலை. தொண்ணூத்துநாலு நாள் எப்படிங்க? அங்க சிக்னலும் இல்லைங்கறீங்க."

"அவனுக்குப் பயம்மா" என்றார்.

"எதுக்குப் பயம்?"

"உனக்குச் சலிச்சுப் போயிடுவோமோன்னு. சைட்டுல இருக்கறப்ப உன்கிட்ட ஆறரைக்குச் சொல்றதுக்குன்னு பகல் முழுக்க ரெண்டு விஷயம் எடுத்து வெச்சுப்பேன். அது அரைமணிக்குப் பத்தும். இங்க நாள் முழுக்க நீ எதிர்லயே இருக்கே. எடுத்து வைக்கவே நேரம் இல்லை. நீ பாத்ததைத்தான் நானும் பாக்கறேன், என்னத்தச் சொல்றது? கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான் பெட்டியை..."

நான் அழுதுகொண்டிருந்தேன்.

"ஆறு நாள் முன்னாடி வந்ததுகூட அதுக்குத்தான். உனக்கு ஒத்து வரலைன்னா, உன்னைப் பத்திரமா தங்கச்சி வீட்டுல விட்டுட்டு நான் திரும்பி வர நாள் வேணும்ல. ஒண்ணரை நாள் போதும். கூடுதலாவே வெச்சேன்."

என் மண்டைக்கு இதுவரை உறைக்கவே இல்லை. இவர் சீக்கிரம் வந்தது வண்டி லேட்டாகும் என்பதற்காக இல்லை. நான் திரும்பிப் போனாலும் போவேன் என்று கணக்குப் போட்டு, அதற்கும் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்.

"எங்க இருக்கீங்க இப்ப?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கடல்ல விழுந்துட்டேன்" என்றார். "ஜன்னல்கிட்ட நிக்கறேன். இங்கதான் கேக்குது."

மேலே போனேன். கோட்டுக்கு வெளியே, ஜன்னலோரம், போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "தண்ணி பாட்டில் எங்க?" என்று கேட்டார். வாங்க மறந்துவிட்டேன் என்றேன்.

"ம்" என்றார். இந்த "ம்" எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

மார்ச் 9, திங்கள்

திங்கட்கிழமை. இவர் பெட்டியோடு கிளம்பினார். நானும் கிளம்பினேன்.

டேப்பை நான்தான் உரித்தேன். பாதி வராமல் தரையோடு ஒட்டிக்கொண்டது. விடுதிக்காரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "சேர்ந்துட்டீங்களே, அது போதும்" என்று இவரை மட்டும் ஒரு முறை முறைத்தாள். பாவம், இவருக்கு எதற்கென்று தெரியாது.

கேபினுக்குள் நுழைந்ததும் அளவு நாடாவை எடுத்தார். நாலு மீட்டர், இரண்டே முக்கால். கதவு, குளியலறை, அலமாரி, எல்லாம் ஒட்டின இடத்திலேயே இருந்தன. பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. கடைசியாகக் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தார். அந்தச் சின்னச் சதுரம் சுவரில் மாட்டிய ஒரு போன். கப்பலுக்குள்ளேயே தளத்துக்குத் தளம் பேசுவதற்காம்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். கப்பல் நகர ஆரம்பித்தபோது, மேலே ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

ஆறரைக்கு அடித்தது.

"என்னம்மா, கிளம்பிட்டியாமே கப்பல்ல?" என்றார். "எப்படி இருக்கான் அந்த ஆளு?"

"அளந்துக்கிட்டிருக்காரு" என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

ஏழாவது தளத்துப் போனில் காற்று இரைச்சல். ஐந்தாவது தளத்தில் நூலகத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தெளிவு, ஆனால் அங்கே இன்னொரு பெரியவர் ஆறு மணிக்கே வந்து பிடித்துக்கொள்கிறாராம். அவருக்கும் ஒரு கேபின் இருக்கும்.

மணி ஆறே கால். இவர் ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறார். சனி, ஞாயிறும் உண்டு என்று நான் சட்டத்தை மாற்றியாயிற்று. மத்தியானம் முழுக்க நான் பேசவேயில்லை என்று இவருக்கு லேசாகக் கலக்கம், திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். இன்றைக்குச் சொல்ல நானும் இரண்டு விஷயம் எடுத்து வைத்திருக்கிறேன்.