தினம் இருவேளை, மனைவியின் உதவியுடன்

கிளிஞ்சல்மேடு,
9.8.2006

அன்புத் தம்பி முத்துக்குமரனுக்கு, அக்கா மலர்க்கொடி எழுதுவது. வலது கையைத் தவிர இங்கே மற்றதெல்லாம் நலம். பஹ்ரைனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாகக் கடலுக்குப் போய் வர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

கையெழுத்தைப் பார்த்துச் சந்தேகப்படாதே. என் கை மாவுக்கட்டில் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது வினோதினி, கோவில்பத்துப் பெண். சுனாமிக்குப் பிறகு இங்கே வந்த தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். என் பேச்சை அவள் படித்தவர்கள் தமிழாக மாற்றித்தான் எழுதுவாள், அது பரவாயில்லை. ஆனால் எதையும் விட்டுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ போன் செய்ததை நீலமேகம் அண்ணன் வந்து சொன்னார். "எங்க அக்கா கையை ஒடிச்சவன் தலை கழுத்துல நிக்காது, மொதலாளிக்கிட்ட லீவு கேட்டாச்சு" என்றாயாம். நீ சொன்னால் செய்வாய். பதினெட்டு வயதில் ஒரு நண்டு வலைக்காகப் பக்கத்து ஊர்க்காரன் காதில் பாதியைக் கடித்துத் துப்பியவன் நீ. அதனால்தான் அவசரமாக இதை எழுதச் சொல்கிறேன். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கடைசி வரி வரைக்கும் படி.

முதலில், உன் காதுக்கு வந்ததில் எது உண்மை என்று சொல்லிவிடுகிறேன். உன் மாமா என்னை அடித்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கை நீட்டாத மனுஷன், சுனாமிக்குப் பிறகு மூன்று தடவை. ஒரு தடவை குழம்புச் சட்டியைத் தூக்கி வீசினார், சூடு பட்ட தழும்பு தோளில் இருக்கிறது. ஒரு தடவை, பின்னால் போய் நின்று கூப்பிட்டேன் என்று திரும்பிய வேகத்தில் கன்னத்தில் அறைந்தார். மூன்றாவதுக்குக் காரணமே கிடையாது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அன்றைக்கு நானும் சும்மா இருக்கவில்லை, அரிவாள்மணையைத் தூக்கிவிட்டேன். மகள் ஷர்மிளா நடுவில் வந்து அலறாமல் இருந்திருந்தால் வெட்டியிருப்பேன், நீ என்னைப் பார்க்க ஜெயிலுக்குத்தான் வந்திருக்க வேண்டும். நம் வீட்டு ரத்தம் உனக்கு மட்டுமா ஓடுகிறது?

வீட்டில் முழுசாக ஒரு பொருள் இல்லை. டிவி போயிற்று, மிக்ஸி போயிற்று, கொல்லைக் கதவு ஒற்றைக் கீலில் தொங்குகிறது. கடற்கரையிலும் அதே கதைதான். நிவாரணத்தில் கொடுத்த ஃபைபர் படகு மூன்று பேருக்கு ஒன்று. உன் மாமாவோடு நீலமேகம் அண்ணனும் செல்லக்கண்ணுவும் கூட்டு. இன்ஜினை யார் தூக்குவது, கிழிந்த வலையை யார் பார்ப்பது என்று விடிந்தால் ஒரு சண்டை. எல்லாவற்றுக்கும் இவர் கை ஓங்குவார். இனி இவரோடு கடலுக்குப் போவதில்லை என்று மற்ற இருவரும் சொல்லிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. உன் மாமாவுக்குக் கழுத்து திரும்பவில்லை. அலை வந்த அன்று, படகிலிருந்து இன்ஜினைக் கழற்றி வரச் சொல்லித் தன் தம்பி தங்கையனை அனுப்பியது இவர்தான். ஓடும்போது இடப்பக்கமாகத் திரும்பிப் பார்த்தாராம். தங்கையனைப் பார்த்தது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்க வேண்டுமானால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். தூக்கம் கிடையாது. பக்கத்துத் தெருவில் யாராவது பாத்திரத்தைக் கீழே போட்டால் இவர் எழுந்து நிற்பார்.

ஜூன் மாதம் கோவில்பத்து மண்டபத்துக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தார். ஊசி, மாத்திரை எதுவும் கிடையாது. முதுகெலும்பையும் கழுத்தையும் கையாலேயே அழுத்திச் சரிசெய்கிற வைத்தியம். கைரோபிராக்டிக் என்று பெயராம், எனக்கு வாயில் நுழையவில்லை, வினோதினி எழுதிவிட்டாள். மீன் கூடை சுமந்து கழுத்து வலிக்கிற பெண்களெல்லாம் போனோம். உன் மாமாவைக் கூப்பிட்டால் வருவாரா? படகுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார்கள் என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன்.

பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, டாக்டரம்மா கழுத்தில் கை வைத்து ஒரு திருப்புத் திருப்பினார். மடக்கென்று ஒரு சத்தம். இவர் துள்ளி எழுந்து அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார். நான் பதறிப்போனேன். அந்த அம்மா கையை இழுக்கவே இல்லை, முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. அப்படியே நின்று நீளமாக மூச்சை விட்டார். மறுபடி விட்டார். இவர் பிடி தானாகத் தளர்ந்தது. "இந்த ஒடம்பு இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு, அலை போயிடுச்சின்னு யாரும் இதுக்குச் சொல்லலங்க" என்று அந்த அம்மா சொன்னதாக வினோதினி எங்களுக்குச் சொன்னாள்.

வீட்டில் செய்ய ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். இவர் தரையில் பாதம் பதிய உட்கார வேண்டும். நான் பின்னால் நின்று, கழுத்துக்குக் கீழே இரண்டு உள்ளங்கையையும் வைக்க வேண்டும். பிடிக்கவும் கூடாது, அமுக்கவும் கூடாது. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விட வேண்டும். காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம். முதல் நாளை நினைத்துப் பார். என் முடியைப் பிடித்த மனுஷனின் பிடரியில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன், கொஞ்சம் நகத்தைப் பதித்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. பதிக்கவில்லை. மூன்றாவது வாரம், தட்டில் சோறு போடும்போது, கழுத்தை மட்டும் இடப்பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கரண்டியை வைத்துவிட்டு அழுதேன். ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

இனிமேல் வருவது என் புத்தி கெட்ட வேலை. டாக்டரம்மா சொன்னதை வினோதினி ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். கூட்டாளிகளிடம் அதைக் காட்டினால், ஆள் குணமாகிறார் என்று நம்பி மறுபடி படகில் சேர்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அதனால் ஏலம் நடக்கிற இடத்தில், அத்தனை பேருக்கும் நடுவில், செல்லக்கண்ணுவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அவன் படித்தான்: "நரம்புகள் நன்றாகத் தளர வேண்டும். தினம் இருவேளை, மனைவியின் உதவியுடன், பத்து நிமிடம்."

உனக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க எந்த லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸ் ஒட்டியிருக்கும், நரம்புத் தளர்ச்சி என்றால் எது தளர்ச்சி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் அந்த நிமிடம் உறைக்கவில்லை. ஏலம் நின்றுபோயிற்று. கருவாட்டு வியாபாரத்துக்கு வரும் ஆஸியா பீவி அக்கா தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். நான்தான் உதவி செய்கிற மனைவி, நடுவில் நிற்கிறேன். இதை எழுதும்போது வினோதினி அழுகிறாள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் அதுதான் சட்டென்று வந்ததாம். இப்போது எல்லாச் சீட்டிலும் "இளைப்பாற வேண்டும்" என்று மாற்றி எழுதுகிறாள். அவளை நான் குறை சொல்லவில்லை. ஊரைக் கூட்டிப் படிக்கச் சொன்னவள் நான்.

அவர்கள் படகில் சேர்த்துக்கொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் செல்லக்கண்ணு விடவில்லை. "என்ன காத்தமுத்து, காலைல வேளை ஆச்சா? பத்து நிமிசம் தாங்குச்சா?" என்று தினமும் கேட்டிருக்கிறான். உன் மாமா பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பதினோராவது நாள், ஜூலை பத்தொன்பது, விடிந்து கடற்கரைக்குப் போனால், அந்த லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸைப் படகின் முகப்பில் ஒட்டி வைத்திருந்தான். படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் தங்கையன். செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லித்தான் நிவாரணத்தில் அந்தப் படகையே வாங்கினோம். அந்தப் பெயரின் மேலேயே பசை தடவியிருந்தான்.

ஏலத்துக்காக நான் அங்கேதான் நின்றேன். உன் மாமா நோட்டீஸைப் பார்த்தார். படகைத் தூக்குகிற கழியை எடுத்தார். முதல் அடி செல்லக்கண்ணுவின் விலாவில். அவன் மண்ணில் விழுந்தான். இரண்டாவது வாயில். இரண்டு பல் போயிற்று, மூக்கிலும் வாயிலும் ரத்தம். நாலு ஆம்பளைகள் பிடித்துப் பார்த்தார்கள், உதறி எறிந்தார். செல்லக்கண்ணு எழுந்திருக்க முடியாமல் தவழ்ந்தான். இவர் மேலே நின்று, மண்டையைப் பார்த்துக் கழியை இரண்டு கையாலும் ஓங்கினார். அப்போதுதான் நான் போய்க் கையைக் குறுக்கே நீட்டினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

தம்பி, என் கை ஒடிந்தது இப்படித்தான். அந்த அடி என் மேல் விழாமல் இருந்திருந்தால் செல்லக்கண்ணு செத்திருப்பான், உன் மாமா கொலைகாரராகியிருப்பார்.

இதோடு நிறுத்திவிடலாம் என்கிறாள் வினோதினி. நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். எழுதச் சொல்லிவிட்டேன். என் கை தொங்குவதைப் பார்த்த பிறகும் அவர் கழியை மறுபடி ஓங்கினார். செல்லக்கண்ணுவை அடிக்கவா என்னை அடிக்கவா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்கிறார். நான் இடது கையை அவர் பிடரியில் வைத்து, "மூச்சை விடுங்க, விடுங்க" என்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விட்டார். கழி மட்டும் ஓங்கியபடியே இருந்தது. நீலமேகம் அண்ணன் வந்து விரல் விரலாகப் பிரித்து வாங்கினார்.

ஊர்க்கூட்டம் போட்டு, கோயில் வாசலில் பேசி முடித்தார்கள். ஒட்டியது தப்பு என்று செல்லக்கண்ணு ஒத்துக்கொண்டான். உன் மாமா மூன்று மாதம் கடற்கரையில் கால் வைக்கக் கூடாது. இரண்டு பக்கத்திலும் இனி யார் கை ஓங்கினாலும் அந்தக் குடும்பத்தை ஊரே ஒதுக்கி வைக்கும். இந்தக் கட்டுப்பாட்டால் செல்லக்கண்ணுவின் அண்ணன் தம்பிகள் நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக யோசித்துப் பார். பஹ்ரைனில் உன்னிடம் வந்து, உன் அக்கா கையை உன் மாமா ஒடித்துவிட்டார் என்று சொன்னது யார்? அங்கே வேலை பார்க்கிற செல்லக்கண்ணுவின் கடைசித் தம்பிதானே? அவர்களால் ஓங்க முடியாத அரிவாளை உன் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். நீ வெட்டினால் உனக்கு ஜெயில், எனக்குத் தாலி இல்லை, பிள்ளைகளுக்கு ஊரும் இல்லை. அவர்களுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது.

உன் மாமாவை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவர் இப்போது என் வீட்டில் இல்லை. அம்பகரத்தூரில் அவருடைய அக்கா செல்லம்மா வீட்டில் வயல் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கோவில்பத்துக்கு வந்து வைத்தியம் பார்த்துக்கொள்கிறார். நானும் அன்றைக்குத்தான் போகிறேன். மண்டபத்தில் பத்துப் பேருக்கு நடுவில் பேசிக்கொள்கிறோம். போன வாரம், "மலரு, நான் எப்ப வீட்டுக்கு வரட்டும்" என்று கேட்டார். "நீங்க கையத் தூக்குனா எனக்குப் பயமில்லாம இருக்குற அன்னிக்கு வாங்க" என்றேன். அந்த நாள் வருமா, வராதா, எனக்குத் தெரியாது. வராவிட்டால் வரவில்லை. மறுபடி ஒரு தடவை ஓங்கினால் போலீஸ் ஸ்டேஷன் படியை நானே ஏறுவேன் என்றும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார், கழுத்து நன்றாகவே ஆடியது.

டாக்டரம்மா என் கழுத்தையும் பார்த்தார். உன் தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்கிறது, யார் எப்போது அடிப்பார்கள் என்று காத்திருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பெஞ்சிலேயே குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டேன், தம்பி. ஒன்றரை வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை. எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் கோபம் என்னுடையது, என்ன செய்வது என்று நான் முடிவு செய்ய வேண்டும். அதை என்னிடமிருந்து நீயும் பறித்துவிடாதே.

பெரியாஸ்பத்திரியில் இன்னும் மூன்று வாரம் கட்டு இருக்க வேண்டும் என்றார்கள். ஷர்மிளா சோறு பொங்குகிறாள். மீன் கூடையைப் பக்கத்து வீட்டுப் பெண் எனக்காக எடுத்துப் போய் விற்றுத் தருகிறாள். கவலைப்படாதே.

வராதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வந்து நின்றால் எனக்கு மலை மாதிரி தெம்பு. ஆனால் வெறுங்கையோடு வருவதாக இருந்தால் மட்டும் வா. வந்து அம்பகரத்தூர் காளியம்மனைக் கும்பிட்டு, உன் மாமா முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேள், திட்டு, காறித் துப்பு, நான் தடுக்க மாட்டேன். அரிவாளோடு வந்தால் நான் குறுக்கே வருவேன். அவருக்காக இல்லை, உனக்காக. என்னால் குறுக்கே நிற்காமல் இருக்க முடியாது, அது உனக்குத் தெரியும். நல்ல கை இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் கேட்டு வராதே, குமரா.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

உன் அக்கா,
மலர்க்கொடி
(இடது கையால் நானே போட்டது)