பதினோரு மோட்டார், ஒரு டிரான்ஸ்பார்மர்

ஆனி 4, புதன்
வெயில். சாரல் இன்னும் இல்லை. குற்றாலத்தில் பாறைதான் தெரிகிறதாம். சுந்தரபாண்டியபுரம் காட்டில் பதினோரு கிணறு, பதினோரு பேருக்கும் அவசரம்.
லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார். "யக்கா, ஒரே நேரத்துல நாலு மோட்டாருக்கு மேல ஓடுனா தாங்காது. உள்ள இருக்க காயில் கருகிரும்." முறை போடும் வேலை என் தலையில். வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன்.

ஆனி 6, வெள்ளி
காலை நாலு பேர். மதியம் நாலு. சாயங்காலம் மூணு, அதில் நானும்.
பக்கத்து வீட்டு ரஹ்மத்து வந்தாள். அவள் வீட்டுக்கும் இதே டிரான்ஸ்பார்மர். புருஷன் மைதீன் சவூதியிலிருந்து நுரையீரல் கெட்டுத் திரும்பியவர், எந்நேரமும் ஆக்சிஜன் மிஷினில். "வோல்ட்டேஜ் கொறஞ்சா மிஷின் கூவுதுக்கா. அவுக என்னையே பாக்காவ." கரண்டு போனால் மாட்ட ஒரே சிலிண்டர்.

ஆனி 9, திங்கள்
முறை ஒழுங்காக ஓடுகிறது. மிஷின் கூவவில்லை.
புதுப் பயம். கரண்டு போய்த் திரும்பினால் ஆட்டோ ஸ்விட்ச் போட்ட மோட்டாரெல்லாம் தானாக, ஒரே நேரத்தில் ஓடும். அதை அணைக்கச் சொல்லிக் குரூப்பில் போட்டேன். பத்துக் கட்டைவிரல்.
ரஹ்மத்திடம் சொன்னேன்: "எல்லாரும் ஆஃப் பண்ணிட்டாவ, ஏட்டி. நீ நிம்மதியா இரு."
ஒரு கிணற்றுக்கும் போய்ப் பார்க்கவில்லை.

ஆனி 11, புதன்
டிரான்ஸ்பார்மரில் எண்ணெய்க் கசிவு. லைன்மேனுக்குப் போன், எடுக்கவில்லை.
நேற்று மோட்டார் ஓட்டும் மும்முனைக் கரண்டு எப்போது வந்ததென்றே தெரியாமல் என் முறை போயிற்று. சூரியகாந்தி தலை தொங்குகிறது. முழங்கால் வலி, கிணறு தூரம். என் மோட்டாரின் ஆட்டோ ஸ்விட்சைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஒன்றுதானே.

ஆனி 12, வியாழன்
பகல் பதினொன்றரைக்குக் கரண்டு போனது. பன்னிரண்டுக்கு வந்தது. காடு முழுக்க உறுமல். நாலு அல்ல, பதினொன்றும். எல்லாரும் ஒன்றுதானே என்று நினைத்திருக்கிறார்கள்.
என்னுடையதை அணைத்தேன். அடுத்ததையும். மூன்றாவது கிணற்றுக்கு வரப்பில் ஓடும்போது டிரான்ஸ்பார்மர் டமார். கரும்புகை.
ரஹ்மத்து வீட்டில் சிலிண்டர் முள் சிவப்பில். மைதீனைக் காரில் ஏற்றினோம். ரஹ்மத்து அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். தென்காசி வரும் முன்பே சிலிண்டர் தீர்ந்தது. உதடு நீலம்.

ஆனி 13, வெள்ளி
உயிர் இருக்கிறது. நினைவில்லை.
ஆஸ்பத்திரியிலிருந்து ரஹ்மத்து போன்.
"யாரு மோட்டாருக்கா ஆட்டோவுல கெடந்துச்சு? பேர மட்டும் சொல்லுங்க."
குரூப்பில் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.