உயிரோடிருப்பவரின் பெயர்

மார்ச் 8, 1987, ஹைஃபா

இன்னும் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்து எழுதுகிறேன். அடுத்த அறையில் என் அம்மாவும் என் கணவர் ஸாஸோனும் பெயருக்காக மல்லுக்கட்டுகிறார்கள். வியாழக்கிழமை குழந்தைக்கு விருத்தசேதனம். அன்றே பெயரும் சூட்டியாக வேண்டும்.

ஸாஸோனுக்குத் தன் அப்பா பெயர்தான் வேண்டும்: ரஹமிம். பாக்தாத் யூதர்களுக்கு, தாத்தா இருக்கும்போதே பேரனுக்கு அவர் பெயரை வைப்பது பெருமை. என் அம்மா போலந்து யூதர்; அவர்களிடம் அது ஆகாது. "உசிரோட இருக்கறவர் பேரையா? மரண தூதன் ஆள் மாறி பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவான்டி!" அவளுக்கு, போய்ச்சேர்ந்த என் அப்பா பெயர் வேண்டும். நாஹும்.

என்னை யாராவது கேட்டார்களா? வலி மட்டும் என்னுடையது.

மார்ச் 9

ஸாஸோன் அகராதியும் கையுமாக வந்து நின்றார். "ரஹமிம்னா இரக்கம். கருப்பைங்கற சொல்லுக்கும் இதுக்கும் ஒரே வேர், தெரியுமா?"

கருப்பையைப் பற்றி எனக்கே பாடம்! தலையணையை எறிந்தேன்.

மார்ச் 10

மாமா வந்தார், ஸாஸோனின் அப்பா. வேலை செய்யும் துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் ரமி. ஏதோ செல்லப்பெயர் என்றே நானும் நினைத்திருந்தேன். ஸாஸோன் கடைக்குப் போன நேரம் பார்த்து, "என் பேரை வெக்காதம்மா" என்றார்.

"உங்களுக்காகத்தான் மாமா இங்க சண்டையே நடக்குது!"

அவர் சிறுவனாக பாக்தாதிலிருந்து வந்து கூடார முகாமில் இருந்த காலம். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பெயரைச் சொன்னதும் வகுப்பே சிரித்ததாம். "'இது கிழவன் பேரு, இனிமே நீ ரமி'ன்னுட்டா டீச்சர். வீட்ல வந்து சொன்னேன். எங்கப்பா வாயே திறக்கல. ஹீப்ரு பேச வராத மனுஷன், அவகிட்டப் போய் என்னன்னு கேப்பாரு? அந்தச் சிரிப்பு இவனுக்கும் எதுக்கும்மா?"

யார் அவள்? பெற்றவர்கள் வைத்த பெயரை, கரும்பலகையைத் துடைப்பது மாதிரி— எந்த உரிமையில்?

மார்ச் 11

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "செத்தவங்க பேரைத்தான் வெக்கணுமா? சரி. மாமாவோட பேரு பள்ளிக்கூடத்துலயே செத்துப்போச்சு. அதையே வெக்கறேன்."

"அப்ப உங்கப்பா?"

இரண்டு பேரும் அழுதோம். அப்புறம், கோபம் ஆறாமலே, எனக்கு சூப் ஊற்றிக் கொடுத்தாள்.

மார்ச் 12

ரஹமிம்.

பெயரை உரக்கச் சொன்னபோது, குழந்தையை மடியில் வைத்திருந்த மாமா தலை நிமிரவேயில்லை. ஸாஸோனுக்குத் தான் ஜெயித்ததாக நினைப்பு. இருந்துவிட்டுப் போகட்டும். அம்மா குழந்தையை "இந்தப் பையன்" என்கிறாள். பெயர் வாயில் வரவில்லை.

ஏப்ரல் 7

குழந்தையை எடை பார்க்கக் கொண்டுபோனோம். அம்மாவும் மாமாவும் கூட வந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து, "ரஹமிம்!" என்று கூப்பிட்டாள்.

பிள்ளை நல்ல தூக்கம். மாமா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க ரஹமிம். அந்தத் தராசு உங்களைத் தாங்காது."