நாற்பத்தேழாவது புதர்

மார்ச் 3, செவ்வாய். காலை 6.10. நான் கட்டிய சிவப்பு நாடா: 46.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள பொது நிலம் முழுக்க உண்ணிச்செடி. மற்ற எதையும் முளைக்க விடாது. பேச்சுவார்த்தைக்கு வழியில்லை, கழுத்தை அறுத்து வேரைப் பிடுங்கினால்தான் சாகும். சிவப்பு கட்டியிருந்தால் வெட்டு. தன்னார்வலர்கள் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டேன். சித்தி மட்டும் வரவில்லை, இறக்கை முறிந்த ஆந்தையோடு வீட்டில் இருந்தார். அவர் வேலை அடிபட்ட விலங்குகள். செடிக் கணக்கு அவருக்கு எதற்கு?

மார்ச் 5.

கை முழுக்க முள் கீறல். நன்றாக இருக்கிறது.

மார்ச் 7, சனி.

புதர் வெட்டும் மெஷின்காரர் மாலையில் வந்து, நாற்பத்தேழும் முடிந்தது என்றார். நாற்பத்தாறுதான் என்றேன். "ஒண்ணு இனாம்னு வெச்சுக்கோங்க தம்பி" என்று சிரித்தார். நல்ல உழைப்பாளி, எண்ணத்தான் வராது.

மார்ச் 8, ஞாயிறு.

காலையில் சித்தி போன் செய்தார். "வேலிக்கு வாடா" என்றார். ஓடினேன்.

வேலியோரம் வெட்டிய புதருக்கு அடியில் நரி வளை. பிளேடு அதன் வாய்வரை போயிருக்கிறது. இரண்டு குட்டிகள் — எழுத வேண்டாம். இல்லை, எழுதுகிறேன். துண்டு துண்டாக. மூன்றாவதற்குப் பின்னங்கால் தொங்கியது. சித்தி தூக்கியதும் அவர் கட்டைவிரலை எலும்புவரை கடித்தது. அவர் விடவில்லை. தாய் நரி மேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது.

மெஷின்காரர் கொட்டகையில் பிளேடுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். வலது மணிக்கட்டு. உடைந்தது என் உள்ளங்கைக்கே தெரிந்தது.

"சிவப்பு இருந்துச்சு தம்பி" என்றார்.

அதற்குப் பிறகும் ஒரு அடி அடித்தேன்.

மார்ச் 9.

குழுவில் ஆளாளுக்கு எனக்குச் சபாஷ். மெஷின்காரரை நீக்கிவிட்டார்கள். இனி இந்தப் பக்கமே வரக்கூடாதாம். நீக்கச் சொல்லி முதலில் சொன்னது நான்தான்.

மார்ச் 10, செவ்வாய்.

சித்தி குட்டிக்குக் கட்டு மாற்றினார், நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"வளையைப் பார்த்த அன்னைக்கே சிவப்புத் துணி கட்டிட்டேனேடா. சிவப்புன்னா கிட்டப் போகாதேன்னு யாருக்குத்தான் தெரியாது? அதைப் பார்த்துமா வெட்டினான்?"

நாற்பத்தாறு என்னுடையது. ஒன்று சித்தியுடையது.

கூட்டத்தில் சொன்னதைச் சொன்னேன். என் சிவப்பு என்றால் வெட்டு என்று.

"எந்தக் கையால அடிச்சே?"

காட்டினேன்.

"அந்தக் கையாலதான் இப்ப என் குட்டியைப் பிடிச்சிருக்கியா? எடு."

எடுத்தேன்.

அந்த ஆள் சரியாகத்தானே எண்ணியிருக்கிறார்! எண்ணத் தெரியாதவன் யாருடா? சனிக்கிழமையே போய்ப் பார்த்திருந்தால் ஒருவேளை குட்டிகள்... இல்லை. செத்தது செத்ததுதான். ஆனால் அவர் கை முழுசாக இருந்திருக்கும்.

மார்ச் 13, வெள்ளி.

மெஷின்காரருக்கு மூன்று மாதக் கட்டு. பிடிமானம் பழையபடி வருமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லையாம். போலீஸில் கேட்டதற்குக் கீழே விழுந்தேன் என்றிருக்கிறார். குட்டி மூன்று காலால் நடக்கிறது. என்னைக் கண்டால் சீறுகிறது.

நாளை:

1. காலை ஏழு மணிக்கு மெஷின்காரர் வீடு. முதலில் அவர் பேசட்டும். திருப்பி அடித்தால் நகரக்கூடாது.
2. அங்கிருந்து காவல் நிலையம். அவர் விழவில்லை, நான் அடித்தேன் என்று எழுதிக் கொடுப்பது.
3. வெளியே விட்டால், பத்து மணிக் கூட்டம். பலகையில் 46, 47 எழுதுவது. சித்தியிடம் சொல்லாதது யார் என்று சொல்வது. 'கவனக்குறைவு' என்ற சொல் வரக்கூடாது.
4. அவரை நீக்கியதை அங்கேயே ரத்து செய்ய வைப்பது. என்னை நீக்கினால் சரி.
5. அவர் ஒப்புக்கொண்டால், கட்டுப் பிரிக்கும்வரை மெஷினை நான் சுமப்பது. எந்தப் புதர் என்று அவர் சொல்வார்.
6. ஒன்று அதிகம் என்று யாராவது சொன்னால், போய்ப் பார்ப்பது.