ஜெபா, நானும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன்

என் தங்கமே ஜெபா,

'நலமா' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இறந்துபோன பிள்ளையிடம் என்ன நலம் விசாரிப்பது? அதனால் என் செய்தியையே சொல்கிறேன். நம் சபையில் எனக்கு இப்போது திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது. உன்மேல் காரை மோதிய சாம்சனுக்கு உண்டு.

சிரிக்காதே. நீ போன பிறகு நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? முதலிலிருந்தே சொல்கிறேன்.

உன்னை நாம் முன்பு குடியிருந்த சுவா தோட்டத்துக் கல்லறையில், உன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். நீ இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, சிவப்பு விளக்குக்கு நிற்காமல் வந்த சாம்சனின் கார் உன்னைத் தூக்கி எறிந்தது என்று போலீஸ் சொன்னது. "அடிபட்ட அந்த நிமிஷமே உயிரு போயிருச்சு, வலி தெரிஞ்சிருக்காது" என்று சாம்சனின் அப்பா, நம் சபையின் மூப்பர் தேவதாஸ், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறே கோயிலுக்குப் போனேன். "வீட்டுல இருங்கக்கா" என்றார்கள். செனாவாங் டவுன் வீட்டில் உட்கார்ந்து சுவரோடு பேசவா? நாம் எல்லாரும் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் ஞாயிறு வந்தால் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தகரக்கூரைக் கோயில்தான் நமக்கு.

சாட்சி நேரம் வந்தது. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம் போடுவோமே, அதேதான். ஜாமீனில் வந்திருந்த சாம்சன் எழுந்தான். "போன வாரம் பெரிய எக்சிடன். என் காடி முன்பக்கம் நொறுங்கிப் போச்சு. ஆனா கர்த்தர் என்னை ஒரு கீறல்கூட இல்லாம காப்பாத்துனாரு" என்றான்.

சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. நானும் சொன்னேன், ஜெபா. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் சாட்சியில் நீ இல்லை. உன் பெயர்கூட இல்லை. அன்றைக்கு என் நாக்கை அறுத்துப் போட்டிருந்தாலும் தகும்.

அவன் அழுதான். பாஸ்டர் அவனை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சிஸ்டர், முன்னால வாங்க. இந்தப் பிள்ளைய மன்னிச்சிட்டேன்னு கட்டிப்பிடிங்க." பின்னால் யாரோ போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாரானார்கள். "முட்டி வலி பாஸ்டர்" என்று சொல்லி உட்கார்ந்தே இருந்தேன்.

பிறகு பாஸ்டரும் மூப்பரும் ஒரு பை ஆரஞ்சுப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். கிறிஸ்தவள் எப்படி இருக்க வேண்டும் என்று மூப்பர் எனக்குப் பாடம் எடுத்தார். "மொதல்ல பொறுமை வேணும் சிஸ்டர். சாந்தம் வேணும். மன்னிக்கிற மனசு வேணும்" என்று விரலை மடக்கினார்.

"உண்மை எந்த வெரல்ல இருக்கு மூப்பரே?" என்று கேட்டேன். பாஸ்டர் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். கிளம்பும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். "மனசுல பகைய வச்சிக்கிட்டு பந்தியில கை வைக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்கு நீங்க திருவிருந்து எடுக்க வேணாம்."

சபையின் சட்டம் அதுதான், நானே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பகை உள்ளவர் பந்திக்கு வரக்கூடாது. சாம்சனுக்கு யார் மேல் பகை? அவன் பிள்ளையையா யாரும் கொன்றார்கள்? அந்த ஞாயிறு அப்பத் தட்டு என்னைத் தாண்டிப் பக்கத்து அம்மாவிடம் போனது. அவன் முன்வரிசையில் பயபக்தியாகக் குனிந்து ரசத்தைக் குடித்தான்.

கர்த்தர் அவனைக் காப்பாற்றினார் என்றால் உன்னைக் கைவிட்டது யார்? பாஸ்டரிடம் கேட்டேன். "அப்படிக் கேக்கக் கூடாது சிஸ்டர்" என்றார். ஆண்டவரிடமும் தினமும் கேட்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை.

இந்த வாரம் சாம்சன் தனியாக வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "அப்பாவுக்குத் தெரியாது ஆண்டி" என்றான். கேட்டைத் திறந்தேன், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னான்.

"ஜெபா ஒடனே சாகல ஆண்டி. ரோட்டுல கெடந்து என்னையப் பாத்தான். 'சாம்சா, அம்மாவுக்குப் போன் போடு'ன்னான். நான் அப்பாவுக்குத்தான் போட்டேன். 'எறங்காத, கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே இரு, நான் வர்றேன்'னாரு. கண்ணாடிய ஏத்திட்டேன் ஆண்டி. அப்பவும் அவன் வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

அந்த நேரம் நான் உனக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். போன் பக்கத்திலேயே இருந்தது.

காலில் விழுந்தான். "எந்திரி" என்றேன். "ஞாயித்துக்கெழமை சாட்சி நேரத்துல இதையே சொல்லு. ஜெபா பேரச் சொல்லு, ஒங்கப்பா சொன்னதையும் சொல்லு. அப்புறம் நானே ஒன்னக் கட்டிப்பிடிக்கிறேன்."

"அப்பா என்னையக் கொன்னுடுவாரு ஆண்டி."

"ஜெபா பக்கத்துல எடம் இருக்கு லா" என்றேன்.

அவன் முகம் செத்துப்போனது. சாந்தமுள்ள கிறிஸ்தவள் அப்படிப் பேசமாட்டாள், எனக்குத் தெரியும். வருத்தமும் இல்லை. நீயாக இருந்தால் அவன் அழுததும் தண்ணீர் கொடுத்திருப்பாய், மன்னித்துமிருப்பாய். உன்னிடம் இருந்த கெட்ட பழக்கமே அதுதானடா. நான் உன் அளவுக்கு நல்லவள் இல்லை. ஆனால் நானும் ஆண்டவரைப் பின்பற்றுகிறவள்தான், அந்த இடத்தை மூப்பருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாளை திருவிருந்து ஞாயிறு. சாம்சன் எழுந்து சொன்னால், பல்லைக் கடித்துக்கொண்டாவது அவனைக் கட்டிப்பிடிப்பேன். அதன் பிறகு மனசிலும் மன்னிக்கப் பார்க்கிறேன், அதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ. அவன் எழாவிட்டால் நான் எழுவேன். உன் பெயரைச் சொல்வேன். நீ யாரைக் கூப்பிட்டாய், யார் கண்ணாடியை ஏற்றச் சொன்னார் என்று ஒன்று விடாமல் சொல்வேன். சொல்லிவிட்டுப் பந்திக்கு நடந்து போய்க் கையை நீட்டுவேன். தட்டை இழுத்துக்கொள்கிறவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுக்கட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டது காதில் விழாமல் போன
உன் அம்மா