ஏழு நாள் மடக்கி வைத்த விரல்

மகன் கியூமர்ஸுக்கு, கெர்மான்ஷாவிலிருந்து உன் அப்பா கெய்ரொல்லா சொல்லச் சொல்ல, பக்கத்துக் கட்டில்காரரின் தம்பி எழுதுவது. நான் சுகம் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன், அது பொய், இருந்தாலும் எழுதட்டும். நீ அந்த ஸ்வீடன் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

உன் தங்கை கோல்பஹார் உயிரோடு இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றியிருக்கிறாள், நான் நாற்பது வருடமாக ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. முகத்தில் ஒரு பக்கம், கழுத்து, மார்பு, இரண்டு கை. மூச்சுக்கு வாயில் குழாய் போட்டிருந்தார்கள். தினமும் காலையில் கட்டைப் பிரித்துக் கழுவுவார்கள், அதற்குள் வலி ஊசியின் வீரியம் இறங்கியிருக்கும், குழாய் இருப்பதால் கத்தவும் முடியாது, கண்ணீர் மட்டும் காதுக்குள் ஓடும். நாலாம் நாள் டாக்டர் ஆஃபாக் என்னைக் கூப்பிட்டு, ஊசி ஏறி ஏறி இறங்குகிறது, நாள் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கிற மருந்து ஒன்று இருக்கிறது, மெத்தடோன், மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தால் மயக்க மருந்தைக் குறைத்து மூச்சுக் குழாயையும் சீக்கிரம் எடுக்கப் பார்க்கலாம், இருதயத்தைப் படம் எடுத்துக் கவனித்துக்கொள்வோம், இந்த வார்டில் புதிது என்பதால் உங்கள் கைநாட்டு வேண்டும் என்றார்.

பெயரைக் கேட்டதும் உன் பழுப்புச் சீசாதான் கண்முன் வந்தது. போதையை விடுவதற்காக இதே மருந்தை ஐந்து வருடம் நீ வரிசையில் நின்று வாங்கிக் குடித்தாய், நான் கறி வாங்கப் போனால், கெய்ரொல்லா, உன் பையனுக்கு சர்பத் நேரம் ஆச்சேப்பா என்று கசாப்புக்காரன் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வான், இன்றைக்கும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது. போதைக்காரன் குடிக்கிறதை என் மகளுக்குக் கொடுப்பீர்களா, அவளுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறது, நிக்காஹ்வுக்கு முன் போதைச் சோதனை உண்டு என்று டாக்டரிடம் கத்தினேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. வலி தணிந்ததும் இந்த மருந்தை நாங்களே படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம் என்று சொல்லிவிட்டு, "ஹாஜி, கல்யாணமும் அவளுக்குத்தான், வலியும் அவளுக்குத்தான்" என்றார். நான் கைநாட்டு வைக்காமல் விரலை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஏழு காலை, ஏழு கழுவல். பதினோராம் நாள் மாப்பிள்ளையின் தாய் வந்தாள், கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள், சாயங்காலமே மோதிரத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள். எவருக்காக விரலை மடக்கினேனோ அவர்கள் போய்விட்டார்கள், அதன் பிறகுதான் நான் போய் மையைத் தொட்டேன்.

அந்த மருந்து தொடங்கிய ஐந்தாம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். வலி இருக்கிறது, ஆனால் கட்டுப் பிரிக்கும்போது இப்போது கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்கிறாள். நேற்று உடைந்த குரலில், அப்பா, இந்த மருந்து எப்ப வந்துச்சு என்று கேட்டாள். தெஹ்ரானிலிருந்து இப்பத்தாம்மா வந்துச்சு என்றேன். "அதானே, முன்னாடியே இருந்திருந்தா நீங்க என்னைத் துடிக்க விட்டிருப்பீங்களா" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளோடு பேசு. மருந்து தாமதமாகத்தான் வந்தது என்று நீயும் சொல். அந்தச் சீசாவை ஒளித்து எனக்கு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாய், எனக்காக இதையும் சொல். இறைவன் உன்னை அந்தப் பாதைக்குத் திரும்ப விடாதிருக்கட்டும், தொப்பி போடாமல் வெளியே போகாதே.

உன் அப்பா கெய்ரொல்லா. கீழே இருப்பது அதே விரல்தான்.