முப்பிடாதி என்று பெயர் வைத்தேன்

பெரிய மாமாவுக்கு,

இன்று காலை உங்கள் மகன், நீங்கள் பாதையில் போட்ட வேலியைப் பிரித்துத் தீ வைத்தார். ஐந்து வருஷம் வெயிலில் காய்ந்த உடைமுள், படபடவென்று வெடித்து எரிந்தது. புகை வாழைத்தோட்டம் முழுக்கப் பரவி, கொடியில் கிடந்த துணிகளிலும் ஏறிவிட்டது. மகளின் பாவாடையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் திரும்பத் துவைத்திருப்பேன். இன்று அப்படியே மடித்து வைத்தேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. துட்டி கேட்க வந்த ஒவ்வொருவரும் உங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சொல்ல இருப்பதை இப்போது எழுதுகிறேன். நீங்கள் பதில் பேச முடியாத சமயமாகப் பார்த்து எழுதுவதும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

நானும் உங்கள் தம்பி மகனும் சென்னையை விட்டு, முக்கூடலுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு நாலாம் மாசம். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். என் மாமனார் போனபிறகு பூட்டிக்கிடந்த வீடு, சுற்றிலும் ஒன்றரை ஏக்கர். பன்னிரண்டு வருஷமாக அந்த நிலத்தில் நீங்கள்தான் வாழை போட்டுக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் வந்து இறங்கிய அன்று என் பக்கம் திரும்பாமலேயே அவரிடம் கேட்டீர்கள்.

"ஏலே, லீவுக்கு வந்தியளா, இல்ல இங்கனயே இருக்கப் போறியளா?"

"இங்கனதான் பெரியப்பா."

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

பட்டா எங்கள் பெயரில் இருந்ததால், தார் வெட்டி முடிந்ததும் நீங்கள் நிலத்தை விட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பாதை உங்கள் வயலுக்குள் ஓடியது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது பாதையைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு ஏழாம் மாசம் நடக்கும்போது, அந்தப் பாதைக்குக் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தீர்கள். அவர் மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். போக வர எங்களுக்கு மிச்சமிருந்தது வாய்க்கால் மட்டும். நான் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடக்கப் பழகினேன். பாம்பு போன தடத்தையும் ஓணான் போன தடத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகினேன். ஊர் பிடிக்க ஆரம்பித்த நேரத்தில்தான் நீங்களும் எனக்கு நன்றாகப் புரிய ஆரம்பித்தீர்கள்.

முப்பிடாதி எங்கள் வாழைக்குச் சருகு அறுக்க வந்தவள். அதற்கு முன் உங்கள் தோட்டத்தில் இருபது வருஷம் பாடுபட்டவள். உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருக்கும் தனி டம்ளரில் காபி வாங்கிக் குடித்தவள். நீங்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏட்டி" என்பீர்கள், அவ்வளவுதான்.

அன்று கார்த்திகை அடைமழை. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மா இல்லாததால் தலைப்பிரசவத்துக்குப் போக எனக்குத் தாய்வீடும் இல்லை. அவர் பாதை மனு விஷயமாகத் திருநெல்வேலி போயிருந்தார். மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. முப்பிடாதி கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். போன் செய்து வரவழைத்த ஆட்டோ உங்கள் வேலிக்கு அந்தப்புறம் வந்து நின்று ஹாரன் அடித்தது. நீங்கள் பம்புசெட் வாசல் தாழ்வாரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். வேலிக்கும் உங்களுக்கும் பத்தடி இருக்காது.

"ஐயா, அவுகளுக்கு வலி வந்துட்டு. முள்ள ஒரு ஓரமா வெலக்கி விடுங்க. ஏத்தி விட்டுட்டு நானே திரும்ப அடைச்சுத் தாரேன்" என்றாள் முப்பிடாதி.

"பாதை கேட்டு மனு குடுத்துருக்கான்லா. அந்த மனு வந்து வெலக்கட்டும்."

"ஐயா, தலைப்பிள்ள."

"வாய்க்கா இருக்குல்லா. அதுல கூட்டிட்டுப் போ."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நான் பார்த்தது உங்களுக்கும் தெரியும்.

ஆட்டோவை அக்கரைக்குச் சுற்றி வரச் சொல்லிவிட்டு வாய்க்காலில் இறங்கினோம். மழைத் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. "எங் கழுத்தக் கட்டிக்கிடுங்க. கீழ பாக்காதிய. பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே முப்பிடாதி முன்னால் நடந்தாள். நடுவில் எனக்குக் கால் வழுக்கி மார்பு வரைக்கும் அமிழ்ந்துபோனேன். அவள் என் முடியையும் புடவையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். அந்த நேரத்தில் வயிற்றுக்குள் எந்த அசைவும் இல்லை. பிள்ளை போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த நினைப்போடு எத்தனை அடி நடந்தேன் என்று தெரியாது. உங்களை மன்னிக்கக் கூடாது என்று முடிவு செய்தது அந்தத் தண்ணீருக்குள்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அரை மணி நேரத்தில் மகள் பிறந்தாள். துடைத்து என் பக்கத்தில் போட்டார்கள். அப்புறம்தான் கவனித்தேன், முப்பிடாதி சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றாள். நீங்கள் மாட்டேன் என்றதும், வலியில் நான் கவனிக்காத நேரத்தில் வெறுங்காலால் முள்ளைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். பாதத்துக்குள் ஒரு முள் முழுசாக இறங்கியிருந்தது.

பெயர் வைக்கும் நாள் நெருங்கியபோது பெரிய அத்தையிடம் சொல்லி அனுப்பினீர்கள். உங்கள் மகனுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் பிறக்கும் முதல் பெண்ணுக்கு உங்கள் அம்மாவின் பெயரை வைப்பது வழக்கமாம். "கோமதின்னு வச்சா மறுநாளே வேலிய எடுத்துருதேங்கிறாரு" என்று அத்தை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். என் வீட்டுக்காரர் ஆசையோடு என்னைப் பார்த்தார். அவருக்கும் அது அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். பாதையும் கிடைக்கும்.

நான் முப்பிடாதி என்று வைத்தேன்.

அதன்பிறகு வேலியை நீங்கள் எடுக்கவில்லை. அவர் இரண்டு பனந்தடியை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டார். கைக்குழந்தையோடு அதில் நடந்தேன். தினமும் சாயங்காலம் உங்கள் கட்டிலுக்கு நேராக வந்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி "முப்பிடாதீ, என் தங்கமே" என்று கொஞ்சினேன். நீங்கள் எழுந்து பம்புசெட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டபிறகுதான் வீட்டுக்குள் போவேன்.

மகளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது ஒருநாள், வேலியோரம் அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். நீங்கள் கையில் ஒரு கொய்யாப்பழத்தோடு வந்து நின்றீர்கள். நான் வாழைக்குப் பின்னால் இருந்ததை நீங்கள் பார்க்கவில்லை.

"கோமதி" என்று கூப்பிட்டீர்கள். மூன்று தடவை.

அவள் திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அன்று என் வயிறு குளிர்ந்தது, பெரிய மாமா.

நீங்கள் முள்ளுக்கு இன்னும் கிட்டே வந்தீர்கள். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "முப்பிடாதி" என்றீர்கள். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். நான் வெளியே வந்து அவளைத் தூக்கிக்கொண்டேன்.

"ஒரு பழம்தான, வாங்கிக்கிடட்டும்" என்றீர்கள். நீங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

"நடுவுல வேலி இருக்கே மாமா" என்றேன்.

பழத்தை முள்ளின் மேலேயே வைத்துவிட்டுப் போனீர்கள். எறும்பு மொய்த்து அது அழுகும்வரை அங்கேயே விட்டுவைத்தேன்.

இதை முப்பிடாதியிடம் போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சருகு அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"எம் பேரை ஆசையா வச்சியன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன். அவர அடிக்கக் கம்பு வேணும்னு எடுத்தியளோ?"

"அப்படி இல்ல" என்றேன். ஒரு வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. அவள் வாசலில் போய் நின்று கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து உங்கள் கட்டிலுக்கு நேராக நின்று மகளைக் கூப்பிடுவதை நிறுத்தினேன். அது அவளுக்காக நிறுத்தியது. உங்களுக்காக என்று நீங்கள் நினைத்திருந்தால் அது தப்பு.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரைச் சொல்லி யாரோ கேலி செய்திருக்கிறார்கள்.

"எனக்கு ஏம்மா இந்தப் பேரு?"

முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்து வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டி, "உன்னையும் என்னையும் வெள்ளத்துலேர்ந்து இழுத்துக் கரை சேர்த்தவங்க பேரு. அதான் வெச்சேன்" என்று அன்றைய கதையைச் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டவள் நடுவில் நிறுத்தினாள்.

"அப்பமும் வேலி இருந்துச்சா? அத யாரும்மா போட்டா?"

முப்பிடாதியின் கை நின்றது.

"தெரியலடா. நான் வரும்போதே இருந்தது" என்றேன்.

மகள் விளையாட ஓடிவிட்டாள். முப்பிடாதி நாரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லது சொன்னிய" என்றாள். நான் உங்களை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொண்டாள். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லாமல் சும்மா இருந்தேன்.

ஆனால் உங்களிடம் மறைப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. உங்களை அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துவிட்டேன், பெரிய மாமா. உங்கள் வம்சத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பிள்ளை வளர்ந்து, தான் பிறந்த நாளைப் பற்றி யாரிடம் சொன்னாலும் அதில் மழை இருக்கும், வாய்க்கால் இருக்கும், அவள் பெயர்க்காரி இருப்பாள். நீங்கள் இருக்க மாட்டீர்கள். சுவர்ப் பக்கம் திரும்பிய உங்கள் முகத்தை இனி நினைத்துக்கொண்டிருக்கப் போவது நான் ஒருத்திதான்.